ஒரு சாண் உயரம்

நர்ஸ் குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஈரப்பஞ்சால் நனைத்து நனைத்து உரித்தாள், இன்னும் வலிக்கும் என்பது போல. பிறகு மூக்கிலிருந்த மெல்லிய குழாயை உருவினாள். ஏழு வாரமாகக் குழாயோடே பார்த்த முகம், இப்போது வேறு யாருடையதோ போலிருந்தது சின்னவளுக்கு. அவள் குழந்தையின் சித்தி.

எல்லோரும் அவனைக் குருவி என்றுதான் கூப்பிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்தவனுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. உள்ளே போன பாலும் மேலேறி வாய்க்கு வந்துவிடும். அதனால் குழாயில் சிரிஞ்சை மாட்டி, அதில் பாலை ஊற்றி, அவனுக்கு ஒரு சாண் மேலே பிடித்திருக்க வேண்டும். பால் தானாக இறங்க இருபது நிமிடம். அப்புறம் அரைமணி நேரம் நெஞ்சோடு நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். கையை உயர்த்தினால் பால் வேகமாகப் பாய்ந்துவிடும்.

"மெதுவா போகட்டும்மா," என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். "அவன் என்ன பஸ்ஸா பிடிக்கணும்?"

டாக்டர் வந்து, வயிற்றில் இருந்த பால் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு மணிக்கு நீலம் பாரித்தவன் ஐந்து மணிக்கு இல்லை.

அக்காவின் நாத்தனார் மேஜையிலிருந்த நோட்டை எடுத்தாள். சின்னவள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட நோட்டு.

"இந்தா, எல்லாம் இதுலயே இருக்கே. பன்னெண்டு மணி. பதினோரு நிமிஷம். கொஞ்சம் கக்கினான். இது யாரு எழுதினது?"

"நான்தான் அண்ணி," என்றாள் அக்கா. "கை மரத்துப்போச்சு. கொஞ்சம் தூக்கிட்டேன் போல."

"போலவா? பெத்தவதானே நீ? கீழ பாரு, மூணு மணி. இருபது நிமிஷம். அரைமணி நேரம் நிமிர்த்தி வெச்சது. இன்னும் கல்யாணம்கூட ஆகல, அவளுக்கு இருக்கிற பொறுமை உனக்கு இல்ல."

அக்காவின் கணவர் எட்டிப் பார்த்தார். "பதினோரு நிமிஷம்," என்றார். "எங்க போகணும்னு உனக்கு இவ்ளோ அவசரம்?"

அக்கா குருவியின் போர்வையைச் சரிசெய்தாள்.

மூன்று மணிக்கு அக்கா அடுத்த வேளைப் பாலைப் பீய்ச்சி எடுக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள்; திரும்ப நாலு மணியாகும். சின்னவளுக்குத் துணிக்கடையில் மூன்றரைக்கு வேலை. சிரிஞ்சைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். ஆறே நிமிடத்தில் காலி. குருவி ஒருமுறை செருமினான். அவனை மல்லாக்கக் கிடத்தி, நோட்டில் எல்லாக் கட்டத்தையும் குண்டு குண்டான எழுத்தில் நிரப்பிவிட்டு ஓடினாள். பஸ் கிடைத்தது. "இன்னிக்கு நேரத்துக்கு வந்துட்டியே," என்றார் முதலாளி. நாலேகாலுக்குப் போன் வந்தது.

சொல்லிவிடலாம். ஒரு நிமிட வேலை.

"அக்கா..."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ அழாதடி. கடைசி வேளையாவது உன் கையால ஒழுங்கா குடிச்சான். பசியோட போகல, பாரு. அது போதும்."

சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இந்த நோட்டு எங்கிட்ட இருக்கட்டும்," என்று நாத்தனார் அதைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "நாளைக்கு நாலு பேர் கேட்டா காட்டணும்ல."

மேஜையில் ஒரு பாட்டில் மிச்சமிருந்தது. ஆறு மணிக்கான பால்.

"அதைக் கொட்டிடும்மா," என்றாள் நர்ஸ்.

சின்னவள் மூலையிலிருந்த தொட்டிக்குப் போனாள். ஒரு சாண் உயரத்தில் பாட்டிலைப் பிடித்து, மெல்லச் சாய்த்தாள். பால் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"வண்டி வந்துடுச்சு," என்று வாசலிலிருந்து அக்காவின் கணவர் கூப்பிட்டார். "சீக்கிரம் வாம்மா."

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பதினாலு நிமிடம் பாக்கி இருந்தது.