நாக்குக்கு அடியில்

அப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி தளர்ந்துவிட்டது. ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டெய்சி முடிச்சை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸ் அவள். இந்த முடிச்சை எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் முடிச்சு ரெண்டு தடவை நழுவியது.

மூடியைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் டேவிட்ராஜ் குனிந்து காதோடு காதாகச் சொன்னான்.

"அந்தாளு வந்தாருன்னா பந்தல்லயே நிறுத்திருவேன். நீ குறுக்க வராத."

"யாருண்ணே?"

"யாரா? அறிவரசன் டாக்டருதான். அவரே போன்ல சொல்லிட்டாரு டெய்சி. நாக்குக்கு அடியில மாத்திரையக் குத்திப் பிழிஞ்சதுல பிரஷர் ஒரேடியா எறங்கிருச்சாம். தப்பு என் மேலதான், மன்னிச்சுக்கப்பாங்கறாரு. மன்னிக்கணுமாம்!"

டெய்சிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சிவப்பு மாத்திரை விவகாரம் அவளுக்குத் தெரியாததா? பிரஷர் ஏறிப்போய் யார் வந்தாலும் டாக்டர் அந்த மாத்திரையை ஊசியால் குத்தி, உள்ளே இருக்கும் மருந்தை நாக்குக்கு அடியில் பிழிந்துவிடுவார். கண்மூடித் திறப்பதற்குள் பிரஷர் இறங்கும். கைராசிக்காரர் என்று ஏலாக்குறிச்சி சுற்றுவட்டாரமே அவரைக் கொண்டாடும். பிரஷரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், தடாலென்று விழுந்தால் மூளைக்கு ரத்தம் போகாது என்று சொல்லி, மற்ற இடங்களில் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவில் டெய்சி அவருடைய கிளினிக்குக்கே போய் இதைச் சொன்னாள். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் வைத்தியம் பாக்க வந்தாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது அப்பாவையே பலிகொடுத்தாயிற்று. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ரெண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிய சவரியார், நேற்றுக் காலையில் பின்னங்கழுத்து வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று படுத்தார். கொஞ்ச நேரத்தில் வலது கை விழுந்து, பேச்சும் குழறிவிட்டது. அம்மா அற்புதம் ஆட்டோ வைத்து டாக்டரிடம் கொண்டுபோக, டாக்டர் அதே ஆட்டோவில் தானும் ஏறிக்கொண்டு அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார். வழியிலேயே உயிர் போய்விட்டது.

பதினோரு மணிவாக்கில் டாக்டர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், வாங்கி வந்த மாலையைத் தானே சுமந்துகொண்டு வந்தார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதைக்கு எழுந்து நிற்க, டேவிட்ராஜ் மட்டும் நேரே போய் வழியை மறித்தான்.

"எதுக்கு சார் வந்தீங்க?"

டாக்டர் மாலையோடு அப்படியே நின்றார். அதற்குள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து ஓடி வந்துவிட்டாள்.

"டாக்டரய்யா, வந்துட்டீங்களா! உங்க கையப் புடிச்சுக்கிட்டேதானே போனாரு!"

அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். டேவிட்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு விலகி நிற்க வேண்டியதாயிற்று. டெய்சியால் அப்படி இருக்க முடியவில்லை. மாலை போட்டுவிட்டுத் திரும்பியவரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல சார்? கால்ல விழாத குறையாச் சொன்னேன்."

"சொன்னே."

"அப்புறமும் அதையேதான் பண்ணுவீங்களா? எங்கப்பா சார் அவரு!"

டாக்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பெட்டியோரம் அழுதுகொண்டிருந்த அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"தப்பு என் மேலதாம்மா. மேலிடத்துக்கு எழுதறதா இருந்தா எழுதுங்க. எங்க வந்து சொல்லச் சொன்னாலும் வந்து சொல்றேன்."

சண்டைக்கென்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சப்பென்று போய்விட்டது. அவர் மறுத்துப் பேசியிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்படித் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறவரை என்னதான் செய்வது? ஏதோ ஒன்று இடித்தது, என்னவென்றுதான் பிடிபடவில்லை.

அது பிடிபட ரொம்ப நேரம் ஆகவில்லை. வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, எப்படி ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்.

"நான் ஒன்னும் சும்மா உக்காந்திருக்கலடி. தலை சுத்துதுன்னு சொன்ன ஒடனே, மெடிக்கல்ல வாங்கி வச்சிருந்த செவப்பு மாத்திரைய ஊக்கால குத்தி, டாக்டரு செய்யிற மாதிரியே நாக்குக்கு அடியில பிழிஞ்சு விட்டேன். பத்தாமப் போயிரக் கூடாதுன்னு ரெண்டாப் போட்டேன். நல்லாருக்கு அற்புதம்னு சொல்லிட்டு மனுசன் கண்ண மூடுனாரே! அப்புறந்தான் கை விழுந்துச்சு."

டெய்சி காப்பித் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"நான் சரியாத்தான செஞ்சேன் பாப்பா? நீ நர்சு, நீயே சொல்லு."

அத்தனை பெண்களும் அவள் வாயையே பார்த்தார்கள். டெய்சி "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்துக்கே அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் தட்டை யாரிடமோ நீட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் அவளுக்கு நடந்த எதுவும் மனதில் ஏறவில்லை. சாமியார் ஜெபம் சொன்னார், மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார். அண்ணன் ஒரு பிடி மண் போட்டான், அவளும் போட்டாள். கூட்டம் கலைந்தபோது டாக்டர் கேட்டோரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போனாள்.

"அம்மாதான் போட்டிருக்காங்க. ஏன் சார் சொல்லல?"

"ஆட்டோவுலயே சொன்னாங்கம்மா. சரியாத்தான செஞ்சேன்னு என்கிட்டயும் கேட்டாங்க. நான் என்ன சொல்ல முடியும்?"

"அப்ப நீங்க இப்ப அதப் போடறதில்லையா?"

"இல்ல. நீ வந்து சொன்னப்ப கோவந்தான் வந்துச்சு. அப்புறம் எடுத்துப் படிச்சுப் பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. அதோட விட்டுட்டேன்."

"விட்டுட்டத ஜனங்ககிட்ட சொன்னீங்களா?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "கேட்டவங்ககிட்ட, அந்த மாத்திரை இப்ப வர்றதில்லன்னு சொல்லிட்டேன். முப்பது வருசமா நானே போட்டது. அதத் தப்புன்னு எந்த வாயால சொல்றது?"

"வர்றதில்லன்னு சொன்னா, கெடைக்கிற எடத்துல போய் வாங்க மாட்டாங்களா சார்?"

"வாங்கிட்டாங்களே" என்றார் அவர்.

இவ்வளவு படித்த மனிதர், உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பொய்யைச் சொல்லி, கடைசியில் இதில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே என்று டெய்சிக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிஷமே அது தன் பக்கம் திரும்பியது. டாக்டரிடம் அத்தனை வீறாப்பாகப் பேசினவள் பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? அம்மாவுக்கு டாக்டர் என்றால் உசுரு, எதற்கு அவள் மனதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டாள். யாரை நோவது என்றே தெரியவில்லை. செய்து காட்டின டாக்டரையா, பார்த்துப் பழகின அம்மாவையா, கேட்டதும் எடுத்துக் கொடுத்த மெடிக்கல்காரனையா?

டேவிட்ராஜ் வேகமாக வந்தான். "என்ன சொல்றாரு? நாளைக்கே மனு குடுத்துருவோம். நீதான் நர்சு, நீ சொன்னாத்தான் எடுபடும்."

"பொறுண்ணே."

"எதுக்குப் பொறுக்கணும்?"

மனு கொடுத்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் முதல் கேள்வி அம்மாவிடம்தான். இதை அண்ணனிடம் சொல்லலாம் என்றால் அவன் ஒரு ஓட்டைவாய், சாயங்காலத்துக்குள் அம்மா காதுக்குப் போய்விடும். "வூட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பதால், பக்கத்து வீட்டுக் கலியம்மாள் சோறும் ரசமும் கொண்டுவந்தாள். அம்மாவை வற்புறுத்தி நாலு வாய் சாப்பிட வைத்தாள். நல்ல மனுஷி, நேற்றிலிருந்து தன் வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கறேன்னு நெனச்சுக்காத. அந்த செவப்பு மாத்திரை மிச்சம் கெடக்கா? எங்க வூட்டுக்காரருக்கும் ரெண்டு நாளா கழுத்துல அதே வலி. ஒத்தாசைக்கு இருக்கட்டும்."

"கெடக்கு கலியம்மா. அவருக்குத்தான் குடுத்து வைக்கல, உன் வூட்டுக்காரரு நல்லதம்பிக்காவது ஒதவட்டும்."

அம்மா அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துவிட்டாள். டெய்சி குறுக்கே வந்தாள்.

"அதக் குடுக்காதம்மா."

"ஏன் பாப்பா?"

ரெண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வாக்கியந்தான், இருந்தும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறொன்று தானாக வந்து விழுந்தது.

"டேட்டு முடிஞ்சு போச்சும்மா. நான் பாத்தேன்."

"ஐயையோ, நல்லவேளை சொன்ன பாப்பா" என்றாள் கலியம்மாள். "அதுக்கென்ன, நாளைக்கு அரியலூர் போற வேலை இருக்கு. மெடிக்கல்ல புதுசாவே வாங்கிக்கறேன்."

அவள் வாசலுக்குப் போய்விட்டாள். அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"டேட்டு முடிஞ்சதா?" என்றாள். "அப்ப நேத்து நான் அவருக்குப் பிழிஞ்சது?"

அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். பொடி எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. அட்டையை டெய்சியிடம் நீட்டினாள்.

"எங்க போட்டிருக்கு? காட்டு."

டெய்சி அட்டையை வாங்கவில்லை. நீட்டிய கையைத்தான் பிடித்தாள், பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். கையை விடாமலேயே வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"கலியம்மா அத்தை, போயிறாதீங்க. உள்ள வாங்க. அண்ணே, நீயும் வா."

தெருவில் இறங்கியிருந்த கலியம்மாள் திரும்பி வந்து, பாத்திரங்களைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.