இரண்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர்

மெர்ல் ஸ்டக்கிக்குக் கூச்சநாச்சமே கிடையாது. ஒருவர் கண்டுபிடித்த பகா எண்ணை இன்னொருவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அந்த மின்னசோட்டா பல்கலைக்கழகக் கணிதத் துறையின் வழக்கம். மனிதர் அதற்கு முன்னாலேயே கேக் வாங்கி, பத்திரிகைக்காரனையும் வரவழைத்துவிட்டார்.

கையெழுத்திட வேண்டியவள் ஐரிஸ் நோர்ட்பி. ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று வெள்ளிக்கிழமை பதினோரு பேராசிரியர்கள் ஓட்டுப் போடப்போகிறார்கள். மெர்லும் அதில் ஒருவர். மூன்று வாரமாக அவளுடைய கணிப்பொறி நேரத்தைப் பிடுங்கித்தான் இந்த எண்ணையே அவர் பிடித்திருந்தார். அவரைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"போடும்மா சீக்கிரம். கேக் காயுது" என்றார் மெர்ல்.

"எதை வச்சு சோதிச்சீங்க, புரொஃபசர்?"

"இரண்டை வச்சுத்தான். என் எண்ணுக்கு ஒண்ணு குறைவான தரம் இரண்டைப் பெருக்கி, என் எண்ணால வகுத்தேன். மீதி ஒண்ணு வந்தது. பகா எண்ணுன்னா ஒண்ணுதான் வரும், பாடத்துல தூங்கிட்டியா?"

ஐரிஸ் கரும்பலகைக்குப் போனாள். "உங்க எண், இரண்டை ஒரு பகா எண் தரம் திரும்பத் திரும்பப் பெருக்கி ஒண்ணு கழிச்சது. அதே ஜாதியில சின்னதா 2047. இரண்டைப் பதினோரு தரம் பெருக்கினா 2048. 2047-ஆல வகுத்தா மீதி ஒண்ணு. அதுக்கப்புறம் இன்னும் எத்தனை பதினோரு தரம் பெருக்கினாலும் ஒண்ணுதான்; சோதனைக்கு வேண்டிய 2046 தரமும் பதினொண்ணோட மடங்கு. உங்க சோதனையில இது பாஸ்." அடியில் பெரிதாக எழுதினாள்: 23 × 89. "இந்த ஜாதிக்கு இரண்டு எப்பவும் ஆமாம்னுதான் சொல்லும். இரண்டே பெத்த பிள்ளைக்கு இரண்டையே சாட்சியா கூப்பிட்டா வேற என்ன சொல்லும்?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மெர்லின் கழுத்து சிவந்துவிட்டது.

"அதனால என் எண்ணும் பகா எண் இல்லன்னு ஆயிடுமா?"

"ஆகாது. அதான் மூணை வச்சு ஓட்டிப் பார்த்தேன். மீதி ஒண்ணு இல்ல. பகா எண்ணே இல்ல."

"ஓட்டினியா? உனக்கு ஏது நேரம்?"

"உங்க நேரம்தான். உங்க ஓட்டம் முடிஞ்சும் மெஷினை விடாம மூணு நாளா பிடிச்சு வச்சிருந்தீங்களே, அது சும்மா கிடந்தப்போ ஓட்டினேன்."

பத்திரிகைக்காரன் நோட்டை மூடினான். துறைத்தலைவர், "தனியாச் சொல்லியிருக்கலாமே, ஐரிஸ்" என்று முனகினார். வேலை போயிற்று என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் வாயை அடக்கவில்லை. "தனியாச் சொல்ல மூணு தரம் வந்தேன். 'டைப் அடிக்கிற பொண்ணுங்க ரூம் அடுத்தது'ன்னு இவர் என்னைத் துரத்தினார்."

வெள்ளிக்கிழமை ஓட்டு ஆறுக்கு ஐந்து. அவள் பக்கம் ஆறு. அந்த ஆறில் ஒன்று தன்னுடையது என்று சொல்ல மெர்லே நடைவழியில் காத்திருந்தார். ஐரிஸ் கையை நீட்டினாள். சே, இந்த மனிதரையா இப்படி நினைத்தோம்!

"நன்றி, புரொஃபசர்."

"நன்றியா?" மெர்ல் கோட்டை மாட்டிக்கொண்டார். "துரத்திவிட்டா வேற ஊர்ல நிம்மதியா இருந்திருப்ப. எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ் இருக்கு. நீ எதைக் கண்டுபிடிச்சாலும் அதைச் சோதிக்கிறவன் நான்தான். தலைவர்கிட்ட எழுதி வாங்கியாச்சு."