ஒருவர் பெயரில் வந்த ஊசி

கடிதத்தை நித்தியானந்தன் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்து, மரியாதையாக வாசித்தார். ஆனால் முன்பக்கத்தை மட்டும்தான் வாசித்தார். காப்புறுதிக் கொம்பனிக்காரர் முன்பக்கத்தில் வணக்கம் சொன்னால் பின்பக்கத்தில் குழி வெட்டி வைத்திருப்பார்கள் என்று, முப்பது வருடம் லண்டனில் இருந்த மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

முன்பக்கத்தில் இருந்தது இதுதான். காப்புறுதியைப் புதுப்பிக்கிறார்கள். எடை குறைக்கும் ஊசிக்கு இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு காசு கட்டமாட்டார்கள். ஆறு மாதம் ஊசி போட்டவர், தொடங்கியபோது இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்காவது குறைந்திருக்க வேண்டும். குறையாதவருக்கு ஊசி நிற்கும். ஆறு கிழமையில் அவர்களுடைய கிளினிக்குக்கு வந்து தராசில் ஏற வேண்டும்.

நித்தியானந்தன் தொடங்கியபோது நூற்று ஏழு கிலோ. ஆறு மாதம் கழிந்து இன்றைக்கும் நூற்று ஏழு கிலோ. குறையாததற்கு நல்ல காரணம் இருந்தது. அந்த ஊசியை அவர் போடவேயில்லை. போட்டது அவருடைய மனைவி கமலேஸ்வரி.

அவர் வேலை செய்வது குரொய்டனில் பாண் ரொட்டி சுடும் ஒரு தொழிற்சாலையில். பதினெட்டு வருடம் அடுப்புச் சூட்டில் வெந்து சூப்பர்வைசர் ஆனபோது, கொம்பனி ஒரு நீலச் சட்டையும் தனியார் காப்புறுதியும் கொடுத்தது. காப்புறுதி அவருக்கு மட்டும். மனைவிக்கு இல்லை. மாதம் ஒரு ஊசிப் பேனை நோர்பரியில் உள்ள வீட்டுக்கு ஐஸ் பெட்டியில் வரும். ஒரு பேனையில் நாலு ஊசி, கிழமைக்கு ஒன்று. பெட்டியின் மேல் அவருடைய பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்.

பெயர் இருந்தால் என்ன? எங்கள் வீடுகளில் மருந்து என்றைக்குப் பெயரைப் பார்த்தது? சமையலறை அலுமாரியில் ஒரு பிஸ்கற் டின் இருக்கும். அதற்குள் மச்சானுக்கு எழுதிக் கொடுத்து மிஞ்சிய அன்ரிபயோடிக், யாரோ கனடாவிலிருந்து கொண்டுவந்த நோவெண்ணெய், மூன்று பேருடைய பிரஷர் குளிசை. பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா பெருநாளுக்குக் கேக் கொண்டு வருவதும் இந்த டின்னிலிருந்து குளிசை வாங்கிப்போவதும் ஒரே உரிமையோடுதான். நோகிறவருக்குத்தான் மருந்து. இதில் பிழை இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

நொந்தது கமலேஸ்வரிக்குத்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் பதினைந்து வருடம் நின்று நின்றே அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துபோனது. எலும்போடு எலும்பு உரசுகிறது என்று ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டர் படத்தைக் காட்டினார். முழங்காலை மாற்றலாம், ஆனால் தொண்ணூற்று நாலு கிலோவில் மாற்ற மாட்டோம், எண்பத்துநாலுக்கு வந்தால் பெயரைப் பதிவோம் என்றார். எடை குறைக்கும் ஊசி தரச்சொல்லிக் குடும்ப டொக்டரிடம் கேட்டார்கள். அதற்குப் பிரஷர், சுகர் மாதிரி நாலு வருத்தம் இருக்க வேண்டும், உங்களுக்கு இரண்டுதான் இருக்கிறது என்றார் அவர். இன்னும் இரண்டு வருத்தத்துக்கு எங்கே போவது? நடந்து குறைக்கச் சொல்கிறார்கள். நடக்கக் காலைத் தா என்றால் குறைத்துக்கொண்டு வா என்கிறார்கள்.

கமலேஸ்வரி மாடிப்படியில் ஏறுவதைப் பார்க்க நித்தியானந்தனால் முடியாது. முதற்படியில் குந்துவாள். இரண்டு கையையும் பின்னுக்கு ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் வைப்பாள். பதின்மூன்று படி. கக்கூசு மேலே இருந்ததால் பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். அவளுடைய உதடு வெடித்துக் கிடந்தது அதனால்தான்.

முதற் பேனை வந்த அன்றைக்கே அவர் அதை அவளிடம் நீட்டினார். அவள் தொடவில்லை. "உங்களுக்குத்தானே சுகர் ஏறிக்கொண்டு வருது. உங்கடை பெயரிலை வந்தது. நீங்கள் போடுங்கோ," என்றாள்.

எத்தனையோ பேருடைய குளிசையை விழுங்கிய பெண், புருஷனுடைய ஊசிக்கு மட்டும் நியாயம் பேசினாள். ஆகவே அவர் பொய் சொன்னார். காப்புறுதி இப்போது குடும்பத்துக்கும் சேர்த்து என்றார். "ரெண்டு பேனை வந்தது. என்ரையை வேலையிலை ஃப்ரிட்ஜிலை வைச்சிருக்கிறன். இது உம்மடை. போடும்."

அவள் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தலை தோய்ந்துவிட்டு வந்து, சாமிப்படத்துக்கு முன்னால் நின்று வயிற்றில் குத்திக்கொண்டாள். இரண்டு கிழமை தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாள். பிறகு சோற்றைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டாள். தொண்ணூற்று நாலு தொண்ணூறாயிற்று, தொண்ணூறு எண்பத்தாறாயிற்று. பகலில் அரைக் கிளாஸ் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். இன்னும் இரண்டு கிலோதான் இருந்தது.

நித்தியானந்தன் வாங்கிக் கட்டிக்கொண்டது அவளிடம்தான். ஒரே ஊசியை இரண்டு பேர் போட, ஒருவர் உருக, மற்றவர் மலைபோல இருந்தால் எந்த மனுஷிதான் சும்மா இருப்பாள்?

"எனக்கு வேலை செய்யிற மருந்து உங்களுக்கு மட்டும் ஏன் செய்யேல்லை? பாண் கொம்பனியிலை கள்ளத் தீன் தின்னுறியள். வேறை என்ன?" என்பாள். பிலோமினம்மா வந்தால் அவளுக்கும் சொல்வாள். "இவருக்கு வாய்க் கட்டுப்பாடு இல்லை அக்கா. கடவுள் குடுத்த ஊசியையும் தோற்கடிச்சுப்போட்டார்."

உண்மையைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பேனையைத் தொடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். காப்புறுதிக்காரருக்குச் சொன்னால் வேலையே போய்விடும். ஆகவே அவளுடைய பேச்சையும் தன்னுடைய உண்மையையும் சேர்த்து விழுங்கினார். அதிலே கலோரி கிடையாது.

இப்போது இந்தக் கடிதம். நூற்று ஏழில் நூற்றுக்கு ஐந்து என்றால் நூற்றொன்றரைக்கு வரவேண்டும். ஆறு கிழமை. ஊசி கிடையாது, அது அவளுக்கு. மிச்சம் இருந்தது ஒரே வழிதான்.

அடுத்த நாளிலிருந்து நித்தியானந்தன் பட்டினி கிடந்தார். காலையில் வெறும் தேத்தண்ணீர். மத்தியானம் தண்ணீர். இரவில் மட்டும் அவளுக்கு முன்னால் ஒரு பிடி பிட்டு. சுடச்சுடப் பாண் நாள் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் ஓடுகிற இடத்தில் ஒரு மனிதன் பட்டினி கிடப்பதைப் போலக் கொடுமை வேறு இல்லை. வெண்ணெய் பூசிய பணிஸ் தட்டுத் தட்டாக வரும். அவர் மூக்கால் மூச்சு விடுவதை நிறுத்தி வாயால் விட்டார். வேலை முடிந்து பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்தார். ஸ்ட்ரெதத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் மட்டன் ரோல்ஸ் தட்டு அவருக்கு முன்னால் மூன்று தரம் வந்தது. மூன்றாந்தரம் எழுந்து வெளியே போய் மழையில் நின்றார்.

ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்தில் கண் இருட்டி நிலத்தில் இருந்துவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. பெல்ற்றில் இரண்டு புது ஓட்டை போட்டார்.

கமலேஸ்வரிக்குச் சந்தோஷம். "இப்பதான் உங்களுக்கு ஊசி பிடிக்குது. நான் பேசினதாலைதான் கள்ளத் தீனை விட்டிருக்கிறியள். விட்டது நல்லது," என்றாள்.

"ஓம்," என்றார் அவர்.

ஆறாம் கிழமை கிளினிக் தராசில் ஏறினார். நூற்றொன்று புள்ளி இரண்டு. இளம் நர்ஸ் ஒருத்தி கைதட்டாத குறையாகப் பாராட்டினாள். கடைசியில் மருந்து உங்களுக்கு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பாருங்கள் என்றாள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வாழைப்பழம் வாங்கி, கடை வாசலிலேயே தின்றார்.

பத்து நாளில் இரண்டாவது கடிதம் வந்தது. உங்கள் வெற்றிக்கு வாழ்த்துக்கள் என்று தொடங்கியது. புதிய விதிகளின் பின்பக்கம், பகுதி இரண்டின்படி, ஊசி தொடர வேண்டுமானால் உறுப்பினருடைய பிஎம்ஐ முப்பத்தைந்துக்குக் குறையக்கூடாது. உங்களுடையது முப்பத்துநாலு. ஆகவே இந்த மாதத்தோடு ஊசி நிறுத்தப்படுகிறது.

பிஎம்ஐ என்பது உயரத்துக்கு இவ்வளவுதான் எடை என்று பார்க்கிற கணக்கு. அவருடைய உயரத்துக்கு முப்பத்தைந்து என்றால் நூற்று மூன்றரைக் கிலோ. அவர் பழைய கடிதத்தைத் தேடியெடுத்து முதன்முறையாகத் திருப்பினார். அங்கே இருந்தது. எறும்பு ஊர்வதுபோல் சின்ன எழுத்தில், ஆறு கிழமையாக இருந்திருக்கிறது.

போனை எடுத்தார். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு இளம்பெண் வந்தாள். மிக இனிமையான குரல்.

"நான் நூற்றொன்றரைக்கு மேலே இருந்தால் நிறுத்துவீர்களா?" என்று நித்தியானந்தன் இங்கிலீஷில் கேட்டார்.

"ஆம் சார். மருந்து பலன் தரவில்லை என்று பொருள்."

"நூற்று மூன்றரைக்குக் கீழே வந்தால்?"

"நிறுத்துவோம் சார். பலன் தந்துவிட்டது என்று பொருள்."

"அப்படியென்றால் நான் எத்தனை கிலோ இருக்க வேண்டும்? ஒரு எண்ணைச் சொல்லுங்கள். அந்த எண்ணில் நான் இருக்கிறேன்."

அவள் தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "உங்கள் விரக்தி எனக்குப் புரிகிறது சார்," என்றாள்.

"எண்ணைச் சொல்!"

"அப்படி ஒரு எண் இல்லை சார்."

"இல்லாத எண்ணுக்காகவா நான் ஆறு கிழமை..." என்று தொடங்கியவருக்கு இங்கிலீஷ் முடிந்துபோனது. வயிற்றெரிச்சல் தமிழில் வந்தது. "பச்சைத் தண்ணியோடை கிடந்தனான்! ஒரு ஊசி நான் போடேல்லை! ஒண்டுகூட என்ரை உடம்பிலை ஏறேல்லை! எல்லாத்தையும் அவளுக்கெல்லே குடுத்தனான்!"

போன் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

விளங்கவேண்டியவள் சமையலறை வாசலில் நின்றாள். இரண்டு கையிலும் இரண்டு பிட்டுக் கோப்பை.

கமலேஸ்வரி வந்து கோப்பைகளை மேசையில் வைத்தாள். கதிரையைப் பிடித்து மெதுவாக அதில் இருந்தாள். "வேலையிலை ஃப்ரிட்ஜிலை கிடந்த பேனை?" என்றாள்.

"அப்பிடி ஒண்டு இல்லை."

"குடும்பத்துக்கும் சேர்த்து எண்டது?"

"அதுவும் இல்லை."

அவள் அவருடைய பெல்ற்றைப் பார்த்தாள். புது ஓட்டைகளைப் பார்த்தாள். முகம் கோணியது. "ஏழு மாதமா உங்களைப் பேசினனே. பிலோமினக்காவுக்கு முன்னாலையும் பேசினனே. வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் என்ன? நான் என்ன பேயே?"

"சொன்னால் நீர் போடமாட்டீர்."

"ஓம், போடமாட்டன்தான். சுகர்காரனைப் பட்டினி போட்டு எனக்கென்ன முழங்கால்?" அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். கோப்பை துள்ளியது. கோபம் அவர்மேலா, கடிதத்தின்மேலா, தன்மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். அவர் கடிதத்தை மடித்தார், விரித்தார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். "நேற்று நிறுத்துப் பார்த்தனான். எண்பத்தைஞ்சு. பெரிய டொக்டரிட்டைப் போக இன்னும் மூண்டு கிழமை கிடக்கு."

"ஊசி முடிஞ்சுது கமலம். போன ஞாயிறு போட்டதுதான் கடைசி."

"தெரியும்."

அவள் தன் கோப்பையை எடுத்தாள். அதிலிருந்த பிட்டு முழுவதையும் அவருடைய கோப்பையில் கொட்டினாள். கத்தரிக்காய்க் குழம்பையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்கோ. பட்டினி கிடக்கிறது இனி என்ரை முறை."

"உமக்கென்ன விசரே?"

"ஒரு முழங்காலுக்கு ரெண்டு பேர் பட்டினி கிடக்கவேணும் எண்டு எங்கையாவது எழுதிவைச்சிருப்பாங்கள். அது எந்தப் பக்கத்திலை எண்டு ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ."

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். முதற்படியில் குந்தி, கையைப் பின்னுக்கு ஊன்றித் தன்னைத் தூக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது. நித்தியானந்தன் இரண்டு பேருடைய பிட்டுக்கு முன்னால் இருந்து, பதின்மூன்று வரைக்கும் எண்ணினார்.