மத்தியப் பிரதேசத்து மழை

ஊரில் ஆபரேஷனுக்கு நல்ல நாள் பார்ப்பார்கள். நான் மத்தியப் பிரதேசத்தில் மழை பிடித்துவிட்டதா என்று பார்த்தேன். அங்கே மழை பிடித்தால்தான் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டுக்குத் திரும்பும். வண்டியோடு மதனும் வருவான். என்னை விவாகரத்து செய்தவன், என் மகள் மோனிஷாவின் அப்பன்.

எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி, உதிரப்போக்கு நிற்பதில்லை. இரண்டு முறை தேதி வாங்கியும் போகவில்லை. எட்டு வயதுக்காரியை யாரிடம் விடுவது? கோர்ட் வாசலை மிதித்தவள் என்று அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டான். இனியும் தள்ளினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மதனிடம் ஐந்தே நாள் கேட்டேன். "எம்புள்ளைய நான் பாத்துக்க மாட்டனா?" என்றான். வருஷத்தில் பத்து மாதம் அந்த நினைப்பு எங்கே போகுமோ தெரியாது.

கோழிப்பண்ணை ஆபீசில் லீவு கேட்கும்போது, "நான் சிங்கிள் மதருங்க சார், வேற ஆளில்லைங்க" என்றேன். பக்கத்து சீட்டு மயிலம்மாள் பதறிப்போனாள்.

"அப்படிச் சொல்லாதீங்க கமலவேணி. அவருதான் நல்லா இருக்காருல்லங்க."

அவள் புருஷன் இறந்துவிட்டார், பாவம்தான். ஆனால் அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை மதன் மகளைக் கூட்டிப்போனான். நான் நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சாயங்காலம் பேஸ்புக்கில் அவர்கள் இருவரும் ஐஸ்கிரீமோடு இருந்தார்கள். 'என் உலகம்' என்று எழுதியிருந்தான். இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கீழே மயிலம்மாள் போட்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆபரேஷன் உடுப்போடு உட்கார்ந்திருந்தேன். மதன் மோனிஷாவையும் அவள் பையையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ராத்திரி பூரா இளைப்பு. அம்மா அம்மான்னு ஒரே அழுவாச்சி. எனக்கு இதெல்லாம் தெரியாது."

"மருந்து வெச்சு, எப்படிக் குடுக்கறதுன்னு எழுதியும் வெச்சிருந்தனுங்களே." வாய்ப்பழக்கம், இவனுக்கு இன்னும் 'ங்க' போடுகிறேன்.

"உனக்குத்தான் அதெல்லாம் சரியா வரும். அடுத்த மழைக்கு வாரப்ப பாத்துக்கலாம்."

போய்விட்டான். மகளை மடியில் வைத்து இன்ஹேலரை அடித்தேன். மூச்சு சீரானது. குழந்தையோடு வார்டில் இருக்க முடியாது என்றாள் நர்ஸ். உடுப்பை மாற்றினேன். கேஸ் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாள்: 'நோயாளிக்கு அறுவை சிகிச்சையில் விருப்பமில்லை.'

பஸ்ஸில் மோனிஷா கேட்டாள், "வயிறு சரியாப் போச்சாம்மா?"

"போச்சு சாமி" என்றேன். இறங்கும்போது முந்தானையை இழுத்துப் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டேன். சேலை நனைந்திருந்தது.