பெமிலா போட்ட கேவியட்

பட்டறையின் தகரக் கதவில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. பெமிலா கல் அறுக்கும் மெஷினை நிறுத்தினாள்.

வாசலில் ஸ்டெனி. துபாயிலிருந்து திரும்பி, மனைவி ஷைஜாவோடு பக்கத்துப் புது வீட்டில் போன மாதம்தான் குடியேறியவன். கண் சிவந்திருந்தது.

"இந்தச் சத்தத்துக்கு கோர்ட்டுல ஸ்டே வாங்கி பட்டறையைப் பூட்டுதேன் பாரு."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

பாதி முடிந்த அம்மன் சிலை தை மாதக் கும்பாபிஷேகத்துக்குப் போயாக வேண்டும். பட்டறையைப் பூட்டிவிட்டால் சிற்பிகள் நிறைந்த மயிலாடியில் அப்புறம் யார் வேலை தருவார்கள்? ஆனாலும் பெமிலா பதறவில்லை. சர்ச்சில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசித்து, 'தடை சொல்ல யாராவது உண்டா' என்று கேட்பார்களே, கோர்ட்டிலும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று நம்பினாள்.

நாகர்கோவிலில் வக்கீலாக இருக்கும் பள்ளித் தோழி நந்தனா அதைக் கேட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, அங்க ஓலை ஒண்ணும் வாசிக்க மாட்டாவ. அவசரம்னு ஒருத்தன் போய் நின்னா, உன்னைக் கேக்காமலே இடைக்காலத் தடை குடுக்கலாம். அதுக்கு முன்னால நாம கேவியட் போடணும்."

"அது என்ன சாதனம்?"

"லத்தீன் சொல்லு. 'அவர் எச்சரிக்கையா இருக்கட்டும்'னு அர்த்தம். எங்க பக்கத்தையும் கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு ஜட்ஜுகிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கது."

"அப்ப நான் ஜெயிச்ச மாதிரியா?"

"உன்னையும் கேப்பாவ, அவ்வளவுதான். இன்னொண்ணு, கேவியட் போட்ட விவரத்தை ஸ்டெனிக்கும் பதிவுத் தபால்ல அனுப்பணும்."

"அவனுக்கு நாமளே சொல்லிக் குடுக்கவா? நல்ல வக்கீலைப் பிடிச்சேன்."

"சட்டம் அப்படி மக்கா. கையெழுத்துப் போடு."

ஸ்டெனிக்குத் தபால் கிடைத்த அன்று சாயங்காலம் மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை மெதுவாக. அவன் கையில் கவரோடு நின்றான். பெமிலா மெஷினை அணைத்தாள்.

"மனு எப்ப போடுத?"

"போடல."

"பொறவு எதுக்குலே வந்த?"

முகம் இன்னும் செதுக்கப்படாத அம்மன் சிலைப் பக்கம் அவன் திரும்பினான். பெமிலா ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

"உன் பக்கத்தைக் கேக்காம நான் கோர்ட்டுக்குக் கிளம்பினேன், என் பக்கத்தையும் உங்கிட்ட சொல்லல அக்கா. ஷைஜா ஆசுபத்திரியில நைட் டூட்டி பாத்துட்டு வாறா. அவ உறங்கி எழும்பட்டு, மதியம் வரைக்கும் மெஷினை விட்டுட்டு உளி வேலை மட்டும் பாப்பியா?"