கூரை முட்டிய கட்டில்

மகள் ஆகஸ்டில் வருகிறாள் என்று லுக்ரேசியா சொல்லாத ஆள் பியாத்ரா வெக்கே ஊரில் பாக்கி இல்லை. ரொட்டிக் கடையில் சொன்னாள். கோயிலில் பாதிரியார் சாம்பிராணிப் புகையை வீசிக்கொண்டே பக்கத்தில் வந்தபோது அவர் காதில் சொன்னாள். கோட்டை மதில்வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜப்பான்காரர்களையும் மடக்கிச் சொன்னாள். அவர்கள் குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தார்கள். ஊரின் மரியாதைச் சடங்கு ஏதோ என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

மகள் ஸ்மராந்தா இந்த மலையூரை விட்டு இத்தாலிக்கு வேலைக்குப் போனவள். வெரோனாவில் வேலை, வெரோனாவிலேயே கல்யாணம். அப்பா இறந்தபோது வந்தாள், அடக்கம் முடிந்த கையோடு விமானம் ஏறிவிட்டாள். இப்போதுதான் மறுபடி வருகிறாள். கணவன் மத்தேயோவும் அவனுடைய அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள். சம்பந்திகளுக்குக் கோட்டை பார்க்க ஆசையாம்.

கோட்டைக்கு இங்கே என்ன பஞ்சம்? வாசலில் நின்றால் ஒன்று, கொல்லையில் நின்றால் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு கல் எறிந்தால் மூன்றாவது ஒன்றின் மேல் விழும். லுக்ரேசியா பிறந்ததிலிருந்து இவற்றின் நிழலில் துணி உலர்த்திக்கொண்டு நிழலைத் திட்டுகிறவள். ஒன்றுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. தினமும் கண்ணில் படுகிற சுவருக்கு யாராவது டிக்கெட் எடுப்பார்களா? ஆனாலும் பயணத் திட்டம் முழுவதையும் அவள்தான் போட்டாள். முதல் நாள் வீட்டில் விருந்து. மறுநாள் பிரான் கோட்டை. அடுத்து ரஷ்னோவ் கோட்டை. சம்பந்தியம்மாவுக்கு மூச்சு வாங்கினால் எந்தத் திருப்பத்தில் உட்கார வைப்பது, உட்கார்ந்ததும் கையில் என்ன தின்னக் கொடுப்பது என்பதுவரை திட்டம். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டுகிற ஸர்மாலேவுக்கு அவள் ஊறப்போட்ட முட்டைக்கோஸைப் பார்த்தால், வருவது நான்கு பேரா, முற்றுகையிட வரும் துருக்கிப் படையா என்று சந்தேகம் வரும்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல் ஓர் அறிவிப்பு. சம்பந்திகளுக்கு நல்ல அறையைத் திறந்துவிடப் போகிறாளாம்.

அந்த ஊரில் பழைய வீடு ஒவ்வொன்றிலும் தெருப்பக்கம் ஒரு நல்ல அறை உண்டு. நல்ல அறை என்றால் யாரும் புழங்காத அறை. வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேரானாலும் சமையலறையில்தான் சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், சண்டை போடுவார்கள், தூங்குவார்கள். நல்ல அறை பூட்டியே கிடக்கும். லுக்ரேசியாவின் நல்ல அறைக்கு மற்ற நல்ல அறைகளெல்லாம் கப்பம் கட்ட வேண்டும். அங்கே ஒரு கட்டில். அதன்மேல் அவள் சீர்வரிசையாகக் கொண்டுவந்த இறகுத் தலையணைகள், சிவப்பு நூலில் பூவேலை செய்த உறைகளோடு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை உத்தரம்வரை. இன்னும் ஒன்றைச் செருகினால் ஓடு பிரிந்து நட்சத்திரம் தெரியும். உயிரோடு இருக்கிற யாரும் அதில் படுத்தது கிடையாது. அவள் கணவர் இலாரியே மட்டும் மூன்று நாள் படுத்தார், இறந்த பிறகு. அப்போது தலையணைகளை இறக்கினார்கள், வெள்ளை விரித்தார்கள், தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். தெருவே வந்து பார்த்தது. அடக்கம் முடிந்து விருந்தாளிகள் வாய் துடைப்பதற்குள் தலையணைகள் பழையபடி கூரையை முட்டி நின்றன.

ஒருநாள் தொலைபேசியில் திட்டத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது ஸ்மராந்தா குறுக்கிட்டாள்.

“நான் எங்கம்மா படுக்கிறது?”

“இதென்ன கேள்வி? சமையக்கட்டுல, அடுப்புப் பக்கத்துப் பெஞ்சுலதான். உன் இடம் அப்படியே இருக்கு.”

“மத்தேயோ?”

“மாப்பிள்ளைக்குப் பரண். கொஞ்சம் குனிஞ்சு போகணும். இளவட்டம்தானே, முதுகு வளையட்டும்.”

ஸ்மராந்தா சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். மகளுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று லுக்ரேசியா முடிவு கட்டினாள். அதையும் ரொட்டிக் கடையில் சொன்னாள்.

பக்கத்து வீட்டு வெதூரியா தன் வீட்டையே விடுதியாக மாற்றியவள். அவள் வீட்டில் நல்ல அறையெல்லாம் வாடகை அறை. வாசலில், சுற்றுலாக்காரர்களை இழுக்க, ஆளுயரத்துக்கு ரத்தக்காட்டேரிப் பொம்மை ஒன்று, பல்லில் சின்ன விளக்கோடு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் லுக்ரேசியா சிலுவை போட்டுக்கொள்வாள். பொம்மைக்குப் பாதி, வெதூரியாவுக்குப் பாதி. ஜூலைக் கடைசியில் வெதூரியா வேலிமேல் கையூன்றிக்கொண்டு சாவகாசமாகக் கேட்டாள்.

“அக்கா, உங்க சம்பந்தியம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியுமா? இல்லைன்னா கீழ் ரூமா மாத்திடறேன்.”

லுக்ரேசியாவுக்குப் புரியவில்லை.

“ரெண்டு ரூம் சொல்லிவச்சிருக்காங்களே உங்க பொண்ணு. ஈஸ்டருக்கு முன்னாடியே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

ஸ்மராந்தா தான் வரப்போவதை அம்மாவிடம் சொன்னதே ஈஸ்டருக்குப் பிறகுதான்.

லுக்ரேசியா அன்று மகளைக் கூப்பிட்ட குரலுக்குத் தொலைபேசி தேவைப்பட்டிருக்காது. ஆல்ப்ஸ் மலை கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டிருந்தால் வெரோனாவில் நேராகவே கேட்டிருக்கும். ஊர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றாள். காட்டேரி வாசலில் போய்ப் படுக்கவா பெற்றேன் என்றாள். ஸ்மராந்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கு நெஞ்சில் சளி கட்டிய குளிர்காலத்தை நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். சமையலறையில் புகை. பிள்ளையைப் புகையில்லாத இடத்தில் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

“அப்பா நல்ல அறைக் கதவைத் திறந்தாரு. நீ பூட்டின. இருமல் மருந்து சிந்திப் பூவேலை கறையாயிடும்னு சொன்ன.”

“எல்லா வீட்லயும் அப்படித்தான்டி. நானும் அடுப்பு ஓரத்துலதான் வளந்தேன். செத்தா போயிட்டேன்?”

“அப்பா செத்தாரு. அவருக்கு அந்தக் கட்டில் கெடச்சுது.”

லுக்ரேசியா தொலைபேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். கடைசியில் அவள் சொன்னாள், “சம்பந்திங்க வெதூரியா வீட்லயே கெடக்கட்டும். நல்ல அறையில நீ படு. நீயும் மாப்பிள்ளையும்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“சரிம்மா,” என்றாள் ஸ்மராந்தா. குரல் எட்டு வயதுக்காரியின் குரல் மாதிரி இருந்தது. “ஒரு ராத்திரி படுக்கிறேன். அப்புறம் பாக்கலாம்.”

அன்றிலிருந்து லுக்ரேசியா தினமும் நல்ல அறைக்குள் போனாள். ஸ்டூல் போட்டு ஏறினாள். உச்சித் தலையணையைத் தொட்டாள். தொட்ட கை, சுட்ட கை போலத் திரும்பி வந்தது. அது அவளுடைய அம்மா தைத்தது. அதன் கீழே இருப்பது அத்தை தைத்தது. அதையெல்லாம் இறக்கினால் எங்கே வைப்பது? தரையில் வைக்க முடியுமா? அப்படியே இறக்கினாலும் மத்தேயோ எண்ணெய்த் தலைக்காரன், கல்யாணப் படத்திலேயே தெரிகிறதே. தவிர, தான் போகும் நாளில் தன்னையும் இதில்தானே கிடத்துவார்கள், அப்போது தெரு முழுக்க வந்து பார்க்குமே. விரிப்புகூடத் தனியாக எடுத்து மடித்து வைத்திருந்தாள். யோசித்து யோசித்து, ஆகஸ்ட் பிறந்ததும் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வழி தோன்றியதும் தன் அறிவை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டாள்.

வந்தார்கள். விருந்து நடந்தது. சம்பந்தியம்மா தொனாத்தெல்லா ஒல்லியான மனுஷி. ஒரு ஸர்மாலே தின்றுவிட்டுப் போதும் என்றாள். லுக்ரேசியா அதைத் தன் காதின் குறையாக எடுத்துக்கொண்டு இன்னும் நான்கு வைத்தாள். சம்பந்திக்காரர் பிளம் சாராயத்தை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுக் கண்ணீர் விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்மராந்தா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். சாப்பாடு முடிந்ததும் தன் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, சிறுமி மாதிரி, “காட்டும்மா,” என்றாள்.

லுக்ரேசியா பூட்டைத் திறந்தாள்.

கட்டில் அப்படியே இருந்தது. உச்சித் தலையணை உத்தரத்தை முட்டிக்கொண்டு நின்றது. கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், புத்தம்புது மெத்தை ஒன்று விரித்திருந்தது. பிராஷோவ் நகரத்துக்குப் போய் வாங்கிவந்தது. அதைப் பஸ்ஸில் ஏற்றிய கதையை லுக்ரேசியா சொல்லத் தொடங்கினாள். ஓட்டுநர் அதற்கும் சேர்த்து டிக்கெட் கேட்டானாம். பின்னால் இருந்த ஒருவன் அதன்மேல் சாய்ந்து தூங்கியே போனானாம். எழுப்பி இறக்கிவிட வேண்டியதாயிற்றாம்.

ஸ்மராந்தா பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“அம்மா, இந்தக் கட்டில்ல படுக்கணும்னா நான் சாகணுமா?”

“வாயைக் கழுவுடி. அடுத்த முறை என்னோடது. நீ எதுக்கு முந்துற?”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். மெத்தை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது பார் என்று குனிந்து அழுத்திக்கூடக் காட்டினாள். நிமிர்ந்தபோது மகள் கதவோரம் போயிருந்தாள். மத்தேயோவுக்கு முதுகுவலி என்றாள், தரை ஒத்துக்கொள்ளாது என்றாள். மத்தேயோ சமையலறையில் நாற்காலியைத் தூக்கி ஒற்றைக் கையில் வித்தை காட்டிக்கொண்டிருந்தான். லுக்ரேசியா அதைப் பார்த்தாள்.

மறுநாள் பிரான் கோட்டைக்கு அவளையும் அழைத்துப் போனார்கள். படி ஏறி மூச்சு வாங்கியது சம்பந்தியம்மாவுக்கு அல்ல, அவளுக்குத்தான். ஓர் அறையில் பழைய ராணி படுத்த கட்டில் என்று காட்டினார்கள். குறுக்கே தடித்த சிவப்புக் கயிறு கட்டியிருந்தது, தொடாதே என்று பலகை. கூட்டம் நெருக்கியது. லுக்ரேசியா கயிற்றையும் கட்டிலையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, கோட்டைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக முகம் மலர்ந்தாள். ஒரு பொருளைக் காப்பாற்றத் தெரிந்த வீடு இது என்றாள்.

“உன் வீட்ல டிக்கெட் கவுண்டர் ஒண்ணுதாம்மா குறை,” என்றாள் ஸ்மராந்தா.

தொனாத்தெல்லா என்னவென்று கேட்டாள். ஸ்மராந்தா அதை மொழிபெயர்க்கவில்லை. கூட்டத்தோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மிச்ச நாட்களும் திட்டப்படிதான் நடந்தன. ரஷ்னோவ் பார்த்தார்கள், மலையேறினார்கள், லுக்ரேசியா சொன்ன திருப்பத்திலேயே உட்கார்ந்தார்கள். தினமும் சாயங்காலம் மகள் அம்மா வீட்டு வாசல்வரை வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் படுக்கப் போனாள். ஊர் கேட்டதற்கு, சம்பந்திகளுக்குத் துணையாகப் படுத்திருக்கிறாள் என்றாள் லுக்ரேசியா. இத்தாலிக்காரர்கள் தனியாகப் படுக்கப் பயப்படுவார்களாம். ரொட்டிக் கடைக்காரி நம்பியது போலத் தலையாட்டினாள்.

அவர்கள் புறப்பட்டுப் போன அன்று மத்தியானம் லுக்ரேசியா புது மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பொம்மைக்குச் சிலுவை போடவும் மறந்து, வெதூரியா வீட்டுக்குள் நுழைந்தாள். எனக்கு எதற்கு, உன் விடுதிக்கு ஆகும், வைத்துக்கொள் என்றாள். வெதூரியா இரண்டாம் முறை சொல்ல விடவில்லை. மெத்தையை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, போகிற போக்கில் சொல்வது போல, உங்க பொண்ணு அடுத்த வருஷத்துக்கும் அதே ரூமைச் சொல்லிட்டுப் போயிருக்காங்க என்றாள்.

“எந்த ரூம்?”

வெதூரியா மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். சாதாரண அறை. பூவேலை இல்லை, படம் இல்லை, கடையில் வாங்கிய மெலிசான தலையணை ஒன்று. ஜன்னலிலிருந்து பார்த்தால் லுக்ரேசியாவின் நல்ல அறை ஜன்னல் நேராகத் தெரிந்தது, மூடிய பலகைகளோடு. அவள் கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கையால் விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, எந்திரிங்க,” என்றாள் வெதூரியா வாசலில் நின்றபடி. “இப்பத்தான் விரிச்சேன். சாயங்காலம் ஜெர்மன்காரங்க வர்றாங்க.”

லுக்ரேசியா சட்டென்று எழுந்தாள். இதில் வெதூரியாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குனிந்து, தான் உட்கார்ந்த பள்ளத்தை இரண்டு கைகளாலும் நீவி நீவி, அங்கே யாரும் உட்கார்ந்ததே இல்லை என்று ஆகும்வரை சரிசெய்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.