கடைசியாக அளந்த கை

பழைய மருந்துக் குவளை ஒன்றை வெர்னா டோலெஃப்சன் கையில் கொடுத்தால் போதும், அதன் ஜாதகத்தையே கணித்துவிடுவாள். தோட்டாவை வீட்டிலேயே நிரப்புகிறவர்கள் வெடிமருந்தை அளக்கிற சின்னப் பித்தளைக் குவளைதான் அது. குழாயின் முதுகில் பற்றவைத்த ஒட்டு தெரிந்தால் பழசு, தெரியாவிட்டால் பிந்தியது. எண்களைக் கையால் தட்டியிருந்தால் ஒரு காலம், இயந்திரத்தில் உருட்டியிருந்தால் வேறு காலம். மினசோட்டாவின் ஏரிக்கரை ஊர்களில் துப்பாக்கிச் சந்தை எங்கே கூடினாலும் அவளுக்கு ஒரு மேசை உண்டு. பக்கத்து மேசையில் அவள் புருஷனின் தம்பி ஹால்வர், நிஜ வாத்துகளை ஏமாற்றி வரவழைக்க வேட்டைக்காரர்கள் ஏரியில் மிதக்கவிடும் மர வாத்துகளை விற்பான்.

"அந்தப் பூதக்கண்ணாடிய வெச்சு என் வயசையும் பாத்துச் சொல்லேன், வெர்னா."

"உனக்கு எதுக்குக் கண்ணாடி? நாலு மேசை தள்ளி நின்னாலே உன் ஒட்டு தெரியுது."

ஹால்வர் சிரித்தான். அந்தச் சனிக்கிழமை காலையில் சந்தையில் நல்ல கூட்டம். அதற்குள்ளிருந்து, கட்டம் போட்ட கம்பளிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து ஒரு குவளையை மேசையில் வைத்தார். வெளுத்த முகம், அவசரமில்லாத ஆள்.

வெர்னா வழக்கம்போல ஆரம்பித்தாள். முதுகில் ஒட்டு இருந்தது. எண்கள் கையால் தட்டியவை. கருமருந்துக்கான கோடுகள் மட்டுமே இருந்தன. புகையில்லாத புது மருந்தின் பேச்சே இல்லை. ஆயிரத்து எண்ணூற்று எண்பது வாக்கு என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பினாள். ஆப்பிள் மரம். பேனாக்கத்தியால் செதுக்கியது.

வீட்டுக் கொல்லை மரத்தில் அவள் புருஷன் எய்னார் செதுக்கிய கைப்பிடி அது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், சவப்பெட்டியை மூடுமுன், அவன் சட்டைப்பையில் இந்தக் குவளையைத் தன் கையாலேயே வைத்தவள் அவள்தான். வேட்டைக்காரனை வெறுங்கையோடு அனுப்புவதில்லை அந்தப் பக்கத்தில். ஒருவனுக்கு வாத்தைக் கூப்பிடும் ஊதல், ஒருவனுக்குத் தொப்பி. பெண்டாட்டியின் பாசத்தைப் பார், என்று ஊரே கண்ணைத் துடைத்தது. பாசமாவது மண்ணாங்கட்டியாவது! அந்தக் குவளை கண்ணில் படாமல் போய்த் தொலையட்டும் என்பதுதான் அவள் அவசரம்.

"இது யாரோடது?" என்றாள்.

"என் பக்கத்து வீட்டுக்காரரோடது."

"வீடு எங்க?"

"மேட்டு மேல, தேவாலயத்துக்குப் பின்னாடி. பதினோரு வருஷமாப் பக்கத்துலயே இருக்காரு. சத்தமே போடாத மனுஷன். இது மட்டும் விலாவுல குத்துதாம்."

தேவாலயத்துக்குப் பின்னாடி வீடு ஏது? கல்லறைத் தோட்டம்தானே இருக்கிறது!

குவளையின் கொள்ளளவைக் கூட்டிக் குறைக்கும் அளவுத் தண்டு மூன்றில் நின்றது. எய்னார் செத்த அன்று காலை அவள் வைத்த அதே மூன்று. ஒன்றுக்குத் தள்ளினாள். தண்டு தானாக நகர்ந்து மூன்றுக்கு வந்தது. மறுபடி தள்ளி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. குவளைக்குள்ளிருந்து ஈரமண் உதிர்ந்தது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது வாக்குல செஞ்சது. எங்க பாத்தாலும் கிடைக்கும்," என்று வாய் கூசாமல் சொல்லி, வழக்கமாக எழுதிக்கொடுக்கும் அட்டையிலும் அதையே எழுதினாள்.

"அவரு வருஷம் கேக்கலைங்க. கடைசியா இதுல அளந்தது யாருன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு."

ஹால்வர் எட்டிப் பார்த்தான். "எங்க அண்ணன்கிட்டயும் இப்படி ஒண்ணு இருந்துச்சு. நான் மட்டும் அன்னிக்கு மருந்த ஒழுங்காப் பாத்து ஊத்திக் குடுத்திருந்தேன்னா..." முடிக்காமல் ஒரு மர வாத்தைத் துடைக்க ஆரம்பித்தான். அண்ணன் செத்த பிறகு துப்பாக்கியையே தொடாதவன் அவன்.

எய்னாரின் தாத்தா காலத்துத் துப்பாக்கி கருமருந்தைத்தான் தாங்கும். அதே குவளை நிறையப் புது மருந்தைப் போட்டால் குழலே பிளந்துவிடும். சமையலறையில் ஹால்வர் ஊற்றிக் கொடுத்த கருமருந்து டப்பாவும் புது மருந்து டப்பாவும் அக்கம்பக்கமாக இருந்தன. எய்னார் கேட்டான் என்று, தொலைபேசியில் யாரோடோ பேசிக்கொண்டே, ஆறு தோட்டாக்களைத் தப்பான டப்பாவிலிருந்து நிரப்பினாள் வெர்னா. குழல் வெடித்து எய்னார் செத்த செய்தி வந்ததும், ஷெரீப் வருவதற்குள், ஹால்வர் கொடுத்திருந்த நல்ல கருமருந்து முழுவதையும் ஏரியில் கொட்டிவிட்டு வந்தாள். "ஹால்வர் குடுத்த டப்பாவுலேருந்துதான் எடுத்தேன்" என்றாள். ஹால்வர்தான் மருந்தை மாற்றி ஊற்றிவிட்டான் என்று ஊர் நம்பியது. ஹால்வரும் நம்பினான்.

வந்தவர் நின்றுகொண்டே இருந்தார். அவர் இமைக்கவே இல்லை. வெர்னா குவளையைப் பார்த்தாள்; தண்டு மூன்றிலேயே நின்றது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது அட்டை எடுத்தாள். எழுதி முடித்ததும் வாய்விட்டே படித்தாள்:

"ஆயிரத்து எண்ணூற்று எண்பது வாக்கு. கைப்பிடி, எய்னார் செதுக்கியது. கடைசியாக அளந்தது நான், தப்பான டப்பாவிலிருந்து. ஹால்வர் கொடுத்த மருந்தில் ஒரு பிழையும் இல்லை."

வந்தவர் அட்டையை வாங்கிச் சட்டைக்குள் வைத்தார். "குவளை உங்ககிட்டயே இருக்கட்டும். அவருக்கு வேணாமாம்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தார். அவர் போன வழியெல்லாம் தரையில் ஈரமண் கிடந்தது.

ஹால்வர் வாத்தைக் கீழே வைத்தான். அவன் குரல் உயரவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை தவறாம எனக்குச் சாப்பாடு போட்டியே, வெர்னா."

"ஆமா."

"போன வருஷங்கூட உன் கையப் புடிச்சு அழுதேனே, மன்னிச்சிருன்னு."

"ஆமா, ஹால்வர்."

"நீயும் மன்னிச்சிட்டேன்னு சொன்னியே."

ஹால்வர் வாத்துகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினான்.